எஸ்டிமேட்டின் கடைசி வரியைக் கையால் மறைத்துக்கொண்டு படியுங்கள்

கார் ரிப்பேருக்கான எஸ்டிமேட் தாள் கைக்கு வந்ததும் கண் நேராக அடியில் இருக்கும் கூட்டுத்தொகைக்குத்தான் போகும். அந்த எண்ணை மட்டும் பார்த்து நியாயமா இல்லையா என்று சொல்ல முப்பது வருஷம் ஸ்பேனர் பிடித்தவராலும் முடியாது. ஒரே கிளட்ச் வேலைக்கு ஒரு ஒர்க்‌ஷாப் சொல்வதைப் போல இரண்டு மடங்கு இன்னொன்று சொல்லலாம், இரண்டு பேருமே நேர்மையானவர்களாகவும் இருக்கலாம். ஒருவர் கிளட்ச் பிளேட்டை மட்டும் கணக்கில் எடுத்திருப்பார். மற்றவர் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் போட்டு, ஃப்ளைவீலை லேத்தில் கொடுத்து முகம் எடுப்பதையும் (பரப்பைச் சமமாகச் சீவுவது) சேர்த்திருப்பார். மலிவாகச் சொன்னவரிடம் விட்டால், பழைய ரிலீஸ் பேரிங் கொஞ்ச நாளில் கத்த ஆரம்பிக்கும். அந்தச் சின்ன பேரிங்கை மாற்ற மறுபடியும் கியர்பாக்ஸ் முழுவதையும் இறக்க வேண்டும்.

அதனால் தாளில் முதலில் தேட வேண்டியது விலையை அல்ல, கோளாறு எப்படித் தெரிந்தது என்பதை. 'இந்தப் பார்ட்தான் போச்சுன்னு எதை வச்சு சொல்றீங்க?' என்று கேளுங்கள். அளந்த அளவு, செய்த சோதனை, கண்ணால் பார்த்த கசிவு, இப்படி ஏதாவது ஒன்று பதிலில் இருக்க வேண்டும். 'ஸ்கேனரில் கோடு வந்துச்சு' என்பது பதிலின் பாதிதான். கோடு (code) என்பது வண்டியின் கம்ப்யூட்டர் பதிவுசெய்யும் கோளாறு எண். ஸ்கேனர் எந்தப் பக்கம் தேட வேண்டும் என்று காட்டும், எந்தப் பார்ட்டை மாற்ற வேண்டும் என்று சொல்லாது.

பி 0301 என்று கோடு வந்தால் முதல் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று அர்த்தம். காரணம் இக்னிஷன் காயிலாக இருக்கலாம், ஸ்பார்க் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் குறைவு எதுவாகவும் இருக்கலாம். பிளக்குக்கு மேலேயே தனித்தனிக் காயில் இருக்கும் இன்ஜின் என்றால், முதல் சிலிண்டர் காயிலைக் கழட்டி இரண்டாவதில் மாட்டி, கோடை அழித்துவிட்டு ஓட்டிப் பார்க்கலாம். கோடு பி 0302 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. 0301-லேயே நின்றால் காயில் மேல் தப்பில்லை. காயில் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் சில நிமிஷ வேலை. இதைச் செய்யாமல் நான்கு காயில், நான்கு பிளக், இன்ஜெக்டர் கிளீனிங் என்று மூன்று வரி எழுதியிருந்தால் அது ஊகம், அந்த ஊகத்துக்குப் பணம் கட்டுவது நீங்கள்.

பி 0420 இன்னும் ஆபத்தான கோடு. அதைப் பார்த்ததுமே, புகையைச் சுத்தம்செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை மாற்ற வேண்டும் என்று எழுதிவிடுவார்கள், காரில் விலை கூடின பார்ட்களில் அதுவும் ஒன்று. சைலன்சர் பைப்பில் சின்ன ஓட்டை, பின்பக்க ஆக்சிஜன் சென்சார் கோளாறு, இரண்டுமே அதே கோடைக் கொண்டுவரக்கூடும். கன்வர்ட்டரே செத்திருந்தாலும் அது ஏன் செத்தது என்று கேட்க வேண்டும். இன்ஜின் ஆயில் குடிக்கிறதா, எரியாத பெட்ரோல் சைலன்சருக்குப் போகிறதா என்று பார்க்காமல் புதிதைப் போட்டால் அதுவும் அதே வழியில் போகும்.

சார்ஜிங் விஷயத்தில் ஒரு மல்டிமீட்டர் போதும், வீட்டிலேயே பார்த்துவிடலாம். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். 12.2 என்றால் பாதி சார்ஜ், 12-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்ட காலி. இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.5-லிருந்து 14.7 வரை வர வேண்டும். ஓடும்போதும் 12 சொச்சத்திலேயே நின்றால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் பக்கம் சந்தேகப்படலாம், அப்போதும் பெல்ட் தளர்வையும் எர்த் கேபிள் துருவையும் முதலில் பார்க்க வேண்டும். சில புதிய வண்டிகளில் கம்ப்யூட்டரே சார்ஜிங்கைக் குறைத்து ஏற்றும், ஆகவே லைட்டும் ஏசி ஃபேனும் போட்டு மறுபடி அளக்காமல் முடிவு கட்டக் கூடாது. பேட்டரி, ஆல்டர்னேட்டர், செல்ஃப் மோட்டார் மூன்றையும் ஒரே எஸ்டிமேட்டில் எழுதியிருந்தால் எதையும் அளக்கவில்லை என்றே எடுத்துக்கொள்வேன்.

இப்படிக் கண்டுபிடிப்பதற்குத் தனிக் கட்டணம் கேட்டால் கோபப்பட வேண்டாம். மின்சாரக் கோளாறைத் தேடி இரண்டு மணி நேரம் ஒயரைத் தடவுவதும் வேலைதான். செக்கப் இலவசம் என்கிற இடத்தில் அந்தக் கூலி ஏதோ ஒரு பார்ட்டின் தலையில்தான் ஏறி வரும்.

அடுத்தது லேபர். எஸ்டிமேட்டில் விளையாட அதிக இடம் இருப்பது இங்கேதான். லேபர் என்பது மணி நேரத்தை மணிக்கூலியால் பெருக்கினது. பெரும்பாலான வேலைகளுக்குத் தயாரிப்பாளரே இத்தனை மணி நேரம் என்று கணக்கு வைத்திருக்கிறார். ஆகவே தொகையைக் கேட்காமல் எத்தனை மணி நேரம் போட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் வராத இடத்தில் பேரம்தான் பேச முடியும், கணக்குப் பார்க்க முடியாது.

மணி நேரம் தெரிந்ததும் பார்க்க வேண்டியது, ஒரே கழட்டலுக்கு இரண்டு கூலி போட்டிருக்கிறார்களா என்பது. முன்சக்கர இழுவை வண்டியில் கிளட்ச் மாற்ற டிரைவ் ஷாஃப்டைக் கழட்டி, கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும். ஷாஃப்ட் வெளியே வந்த பிறகு ஆக்சில் ஆயில் சீல் மாற்றுவது, பழையதை நெம்பி எடுத்துப் புதியதைத் தட்டி உட்காரவைக்கும் வேலைதான். ஃப்ளைவீலைக் கழட்டினால் இன்ஜினின் பின்பக்க ஆயில் சீல் கண்ணுக்கு முன்னால் இருக்கும். கியர் ஆயிலும் பெரும்பாலும் எப்படியும் வடிக்கப்பட்டிருக்கும். இவற்றைக் கூடவே செய்யச் சொல்வது நல்ல யோசனை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனியாகச் செய்தால் ஆகும் முழு லேபரையும் போட்டிருந்தால், ஒரே கியர்பாக்ஸை மூன்று தடவை இறக்கின கூலியை வாங்குகிறார்கள். பார்ட் விலையும் கொஞ்சம் கூடுதல் நேரமும்தான் வர வேண்டும்.

டைமிங் பெல்ட்டிலும் இதே கதை. பல இன்ஜின்களில் வாட்டர் பம்பைச் சுற்றுவது அந்த பெல்ட்தான், டென்ஷனரும் ஐட்லர் பேரிங்கும் அங்கேயே இருக்கும். பெல்ட்டை மட்டும் மாற்றிப் பழைய பம்பை விட்டுவைத்தால், பம்ப் கசியும் நாளில் அதே கவர், அதே பெல்ட், அதே கூலி மறுபடியும். இங்கே நீளமான எஸ்டிமேட்தான் நல்ல எஸ்டிமேட், லேபர் மட்டும் ஒருமுறை வர வேண்டும். உங்கள் இன்ஜினில் இருப்பது பெல்ட்டா செயினா என்று கையேட்டைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். செயின் இன்ஜினுக்கு 'டைமிங் பெல்ட் மாற்றும் கிலோமீட்டர் வந்துவிட்டது' என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

லேபர் நியாயமாகவே கூடும் இடமும் உண்டு. துருப்பிடித்த போல்ட் உடைந்தால் அதைத் துளைத்து எடுக்க நேரமாகும், அதை யாராலும் முன்கூட்டி அளக்க முடியாது. நல்ல ஒர்க்‌ஷாப் அதை முதலிலேயே சொல்லி, 'அப்படி ஆனா போன் பண்ணிக் கேட்டுட்டுத்தான் தொடுவோம்' என்று எழுதிக்கொடுக்கும்.

பார்ட் வரிகளில் பெயர் மட்டும் இருந்தால் போதாது, பிராண்டும் பார்ட் நம்பரும் வேண்டும். கார் கம்பெனியின் டப்பாவில் வருவது, அதே பொருளைத் தயாரிக்கும் கம்பெனி தன் சொந்தப் பெயரில் விற்பது, மூன்றாம் கம்பெனி தயாரிப்பு, பழையதைப் பிரித்துச் சீர்செய்தது என்று ஒரே பார்ட் நான்கு விதமாகக் கிடைக்கும். இரண்டாவது வகை பெரும்பாலும் முதல் வகையின் அதே தரம், விலை குறைவு. 'ஒரிஜினல்' என்ற சொல்லை மட்டும் நம்பிவிடாதீர்கள், அந்தச் சொல்லுக்குள் இந்த நான்கும் அடங்கும். வைப்பர், கேபின் ஃபில்டர் போன்றவற்றில் மலிவானதைப் போட்டுக்கொள்ளலாம். டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், பிரேக், கிளட்ச், சென்சார் இவற்றில் மிச்சம் பிடிப்பது எனக்கு உடன்பாடில்லை. மலிவான பம்ப் பழுதானால் நஷ்டம் பம்போடு நிற்காது. பார்ட் விலையில் ஒர்க்‌ஷாப் கொஞ்சம் லாபம் வைப்பது சகஜம், அந்தப் பார்ட்டுக்குப் பொறுப்பேற்பதும் அவர்களே. நீங்களே வெளியே வாங்கிக் கொடுத்தால், அது கெட்டுப்போகும்போது கழட்டி மாட்டும் கூலி உங்கள் தலையில்.

பிரேக்கில் சதவீதம் சொன்னால் மில்லிமீட்டரில் கேளுங்கள். புது பேடில் உராயும் பகுதி பொதுவாக 10 முதல் 12 மில்லிமீட்டர், 3 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்றும் நேரம். 6 இருக்கும்போது மாற்றச் சொன்னால் அவசரம் அவர்களுக்கு. டிஸ்க்கில் குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் அதிலேயே பொறித்திருக்கும். 20 என்று பொறித்த டிஸ்க் வெர்னியரில் 20.2 காட்டினால், அதை லேத்தில் கொடுத்துச் சீவச் சொல்வது தப்பு, மாற்றத்தான் வேண்டும். 21.5 இருந்து மேலே கோடு மட்டும் விழுந்திருந்தால் புது டிஸ்க் விற்கப் பார்க்கிறார்கள். பேடும் டிஸ்க்கும் ஒரே ஆக்சிலின் இரண்டு பக்கமும் சேர்ந்து மாற வேண்டும், முன்பக்கம் தேய்ந்தால் பின்பக்கமும் மாற்ற வேண்டும் என்பதில்லை. ஒரே சக்கரத்தில் உள்பக்க பேட் தேய்ந்து வெளிப்பக்கம் அப்படியே இருந்தால் பெரும்பாலும், பேடை டிஸ்க்கில் அழுத்தும் கேலிப்பரின் ஸ்லைடு பின் இறுகியிருக்கும் அல்லது பிஸ்டன் பின்வாங்காமல் சிக்கியிருக்கும். பின் என்றால் சுத்தம்செய்து கிரீஸ் வைத்தால் பல நேரம் தீர்ந்துவிடும். எடுத்த எடுப்பில் கேலிப்பர் விலை எழுத வேண்டியதில்லை.

சின்னப் பள்ளத்தில் 'டக் டக்' என்று வரும் சத்தத்துக்கு ஷாக் அப்சார்பர் ஜோடி எழுதியிருந்தால், லிங்க் ராடை ஆட்டிப் பார்த்தார்களா என்று கேளுங்கள். பலமுறை அது லிங்க் ராடாகவோ ஸ்டெபிலைசர் புஷ்ஷாகவோ இருக்கும். ஷாக்கின் மேல் லேசான ஆயில் படலம் இருப்பது பழுதல்ல, வழிந்தால் பழுது.

ஏசியில் ஒரே கேள்விதான். கேஸ் எங்கே போயிற்று? கேஸ் எரிந்து தீரும் பொருள் அல்ல. ஒரே சீசனில் கூலிங் போகும் அளவு குறைந்தால் கசிவு இருக்கிறது. 'கேஸ் டாப் அப்' என்று மட்டும் எழுதின எஸ்டிமேட் அடுத்த சீசனுக்கு மறுபடி உங்களைக் கூப்பிடுகிறது. நைட்ரஜன் அழுத்தமோ யுவி டையோ கொடுத்துக் கசிவைத் தேடும் வரி இருக்க வேண்டும். அடைக்கும் அளவு பானட்டுக்குக் கீழே ஸ்டிக்கரில் கிராம் கணக்கில் இருக்கும், சின்ன வண்டிகளுக்குப் பொதுவாக 400-லிருந்து 600 கிராம். கம்ப்ரஸர் உள்ளே பொடிந்து செத்திருந்தால் கம்ப்ரஸர் மட்டும் எழுதினது அரைகுறை எஸ்டிமேட். இரும்புத் துகள் லைன் முழுக்கப் போயிருக்கும். ரிசீவர் டிரையரும் எக்ஸ்பேன்ஷன் வால்வும் மாற வேண்டும், லைன் கழுவ வேண்டும், கண்டன்சரைப் பெரும்பாலும் கழுவியும் காப்பாற்ற முடியாது. இல்லையென்றால் புது கம்ப்ரஸரையும் அந்தத் துகளே தின்றுவிடும்.

இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட்டும் இதே ஜாதி. இன்ஜின் சூடேறினதை மட்டும் வைத்து அதை எழுத முடியாது. தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் மூடி, ஃபேன் மூன்றையும் பார்த்து, கூலிங் லைனுக்கு அழுத்தம் கொடுத்து, கூலண்ட் தொட்டியில் புகைவாயு வருகிறதா என்று நிறம் மாறும் திரவத்தில் சோதித்திருக்க வேண்டும். அது உறுதியானால் எஸ்டிமேட்டில் கேஸ்கெட்டோடு ஹெட் மட்டம் பார்ப்பது, தேவையென்றால் லேத்தில் முகம் எடுப்பது, பல இன்ஜின்களில் ஒருமுறைக்கு மேல் உதவாத ஹெட் போல்ட்கள், ஆயில், ஆயில் ஃபில்டர், கூலண்ட் எல்லாம் இருக்க வேண்டும். இவை இல்லாத மலிவு எஸ்டிமேட், வண்டியைப் பிரித்துப் போட்ட பிறகு வளரும். சக்கரத்தின் கோணத்தைப் பாதிக்கும் லோயர் ஆர்மோ டை ராடோ மாற்றும் எஸ்டிமேட்டில் வீல் அலைன்மென்ட் இல்லாததும் அப்படித்தான்.

சில்லறை வரிகளில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். இன்ஜின் ஃப்ளஷ், இன்ஜெக்டர் கிளீனிங், த்ராட்டில் பாடி கிளீனிங் போன்றவை கையேட்டின் சர்வீஸ் அட்டவணையில் இல்லை, உங்கள் வண்டியில் புகாரும் இல்லை என்றால் அடித்துவிடுங்கள். கையேட்டில் ஆயில் 3.5 லிட்டர் என்றால் பில்லில் 5 லிட்டர் வரக் கூடாது. கேன் முழுசாகத்தான் வரும் என்றால் மீதியைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது எஸ்டிமேட் வாங்கும்போது பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு, பார்ட் பெயரைச் சொல்லி விலை கேட்பது. 'ஏசி கம்ப்ரஸர் மாற்ற எவ்வளவு ஆகும்?' என்றால் கம்ப்ரஸர் விலைதான் வரும். கம்ப்ரஸர் போயிருக்கிறதா என்று அந்த மெக்கானிக் ஏன் பார்க்கப் போகிறார்? 'வண்டி நிற்கும்போது கூலிங் இல்லை, ஓடினால் வருகிறது' என்று அறிகுறியை மட்டும் சொல்லுங்கள், முதல் தாளைக் காட்டாதீர்கள். அந்த அறிகுறிக்கு கண்டன்சர் ஃபேன் ஓடாததே காரணமாக இருக்கலாம். இரண்டு இடத்திலும் தனித்தனியாக ஒரே கோளாறைச் சொன்ன பிறகுதான் இரண்டு விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பொருள் உண்டு.

சம்மதம் சொல்லும் முன்பே, கழட்டின பழைய பார்ட்கள் எனக்கு வேண்டும் என்று தாளில் எழுதிக்கொள்ளுங்கள், வேலை முடிந்த பிறகு கேட்டால் ஸ்கிராப்புக்குப் போயிருக்கும். சீர்செய்த ஆல்டர்னேட்டர், செல்ஃப் மோட்டார், கம்ப்ரஸர் வாங்கினால் பழையதைத் திருப்பிக் கொடுத்தால்தான் அந்த விலை. அவற்றைத் தர மறுப்பது நியாயம்தான், எடுக்கும் முன் படம் பிடித்துக்கொள்ளலாம். மற்றதையெல்லாம் வாங்கிப் பாருங்கள். தேய்ந்த கிளட்ச் பிளேட்டில் ரிவெட் தலைகள் உராயும் பரப்பின் மட்டத்துக்கே வந்திருக்கும், கெட்ட பேரிங்கைக் கையால் சுற்றினால் கரகரவென்று இருக்கும், பழைய பேடில் எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் என்பதை ஒரு ஸ்கேலே சொல்லிவிடும்.