ஜூன் மாதக் கணக்கு: திருப்பூர் லைன் வீடுகளின் வரவும் தவணையும்

2 ஜூன் 2025, திங்கள்

பள்ளிக்கூடம் இன்று திறந்தாச்சு. லைன் வீடுகளில் (வரிசையாக ஒட்டிக் கட்டிய சின்ன வாடகை வீடுகளில்) குடியிருக்கும் பனியன் கம்பெனிக் குடும்பங்களுக்கு வருஷத்தில் கையை ஒடிக்கும் மாதம் இதுதான். தீபாவளிச் செலவுக்கு போனஸ் முன்னாலேயே வந்துவிடும். ஜூன் செலவுக்கு அப்படி எதுவும் வராது.

தனியார் பள்ளியிலிருந்து அரசுப் பள்ளிக்கு மாற்ற நினைப்பவர்கள் ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் மாற்றுவது நல்லது. பெண்களுக்கான புதுமைப்பெண், ஆண்களுக்கான தமிழ்ப்புதல்வன் என்ற மாநில அரசுத் திட்டங்களில் கல்லூரிக் காலம் முழுக்க மாதம் 1,000 ரூபாய் வர வேண்டுமானால் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழி என்றாலும் சரி. பீஸ் கட்ட முடியாமல் எட்டிலோ ஒன்பதிலோ மாற்றுகிற குடும்பங்கள்தான் அதிகம். சிரமத்தைத் தாங்கித் தாங்கித் தாமதமாக மாற்றியதால் இந்தத் தொகையும் போய்விடுகிறது.

பாக்கி இருக்கிறது என்று பழைய பள்ளி டிசி (மாற்றுச் சான்றிதழ்) தர மறுத்தால் சேர்க்கை நிற்கக் கூடாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 5-வது பிரிவு, டிசி வரத் தாமதமானாலும் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்கிறது (எட்டாம் வகுப்பு வரை). நடைமுறையில் முட்டுக்கட்டை வேறிடத்தில் விழும். பிள்ளையின் எமிஸ் எண்ணை (கல்வித் துறையின் இணையப் பதிவில் பிள்ளைக்கு உள்ள எண்) பழைய பள்ளி விடுவிக்காமல் வைத்திருக்கும். புதிய பள்ளியால் பெயர் ஏற்ற முடியாது. தலைமையாசிரியர் மூலம் வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுத்தில் கொடுங்கள். வாய்வார்த்தையில் நகராது.

4 ஜூன், புதன்

ரேஷன். நாலு பேர் உள்ள அரிசி அட்டைக்கு 20 கிலோ அரிசி விலையில்லாமல், சர்க்கரை 2 கிலோ 50 ரூபாய், துவரம்பருப்பு ஒரு கிலோ 30, பாமாயில் ஒரு லிட்டர் 25. மொத்தம் 105 ரூபாய். வெளிக்கடையில் பருப்பு ஒரு கிலோ மட்டுமே இந்தத் தொகையைத் தாண்டும்.

தேனி, ராமநாதபுரம், விருதுநகர்ப் பக்கமிருந்து வந்தவர்கள் பலர் அட்டை ஊரில் இருக்கிறது என்று இங்கே வாங்குவதே இல்லை. 2020 அக்டோபரிலிருந்து மாநிலத்தில் எந்தக் கடையிலும் வாங்கலாம். "உங்க அட்டை இந்தக் கடையில இல்லீங்க" என்று திருப்பி அனுப்பினால், வெளியூர் அட்டைக்கும் பில் போடச் சொல்லிக் கேளுங்கள். பருப்பும் எண்ணெயும் மாதக் கடைசியில் தீர்ந்துவிடும். பத்தாம் தேதிக்குள் போய்விடுவது உத்தமம்.

சாயப்பட்டறை ஆட்களுக்கு இன்னொரு தொல்லை. விரல் ரேகை தேய்ந்து, கருவி மூன்று முறையும் சிவப்பாகவே காட்டும். ஈர விரலைத் துடைத்து, கட்டைவிரலுக்குப் பதில் மோதிர விரலை வைத்துப் பார்க்கலாம். அதுவும் ஆகாவிட்டால் கண் கருவிழிப் பதிவு கேளுங்கள். முதியவர் தனியாக இருக்கும் வீட்டுக்கு, அவருக்குப் பதிலாக வாங்க வேறொருவரை நியமிக்கும் படிவம் கடையிலேயே உண்டு.

6 ஜூன், வெள்ளி

நகைக்கடனுக்கு ரிசர்வ் வங்கி புதிய விதிகளை இன்று வெளியிட்டிருக்கிறது. இரண்டரை லட்சம் வரை கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம். ஐந்து லட்சம் வரை 80. அதற்கு மேல் 75. 2026 ஏப்ரல் 1-க்குள் எல்லோரும் இதற்கு மாறியாக வேண்டும்.

இந்த 85-ஐக் கையில் கிடைக்கும் தொகை என்று எண்ண வேண்டாம். வருஷக் கடைசியில் வட்டியும் முதலும் சேர்த்துக் கட்டும் கடனில், அந்த மொத்தமும் 85-க்குள் அடங்க வேண்டும். நகை மதிப்பு ஒரு லட்சம், வட்டி 12 சதவீதம் என்றால் கைக்கு வருவது சுமார் 75,900. மதிப்பும் நகையில் உள்ள தங்கத்தின் உண்மையான சுத்தத்துக்கு (கேரட்டுக்கு) ஏற்பத்தான். கல், அரக்கு எடை கழியும். செய்கூலி, சேதாரம் கணக்கில் வராது. கடையில் கொடுத்த விலையை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான்.

மனதுக்கு நிறைவான விதிகள் இரண்டு. கடனை அடைத்தபின் ஏழு வேலை நாளுக்குள் நகை திரும்ப வேண்டும். தாமதம் அவர்கள் பக்கம் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு. ஏலம் போனால், கடன் போக மிஞ்சும் தொகை நகையை அடகு வைத்தவருக்கே சேரும். ஏலம் என்றதும் எல்லாம் போயிற்று என்று ஒதுங்கிவிடும் குடும்பங்கள் இந்த மீதியைக் கேட்பதே இல்லை. கேளுங்கள், அது உங்கள் பணம்.

7 ஜூன், சனி

சம்பள நாள். வாரச் சம்பளக் குடும்பத்தின் கஷ்டத்தில் பாதி, வரவும் செலவும் ஒரே நாளில் சந்திக்காததால் வருவது. சம்பளம் சனிக்கிழமை; வாடகை ஐந்தாம் தேதி; குழுக் கடன் தவணை செவ்வாய்; கேஸ் எப்போது தீரும் என்று தெரியாது. ஒன்றரை ஷிப்ட் ஓடும் வாரத்தில் 6,000 வரும் வீட்டுக்கு, ஆர்டர் இல்லாத வாரத்தில் 3,500 வரும். அந்த 2,500 பள்ளத்தில்தான் வட்டிக்காரர் வந்து உட்காருகிறார்.

வாடகை 4,500 என்றால் சனிக்கிழமைதோறும் 1,125 எடுத்து வைத்துவிட வேண்டும். மளிகைக்கு முன், எல்லாவற்றுக்கும் முன். கேஸுக்கு வாரம் 150. சிலிண்டர் 2025 ஜூனில் சென்னை விலையில் 868.50, ஆறு வாரம் ஓடினால் 900 சேர்ந்துவிடும். உஜ்வலா இணைப்பு இருந்தால் 300 ரூபாய் பின்னால் கணக்கில் ஏறும். ஆனால் வாங்கும் அன்று முழு விலையும் கையில் வேண்டும்.

ஐந்து சனிக்கிழமை வரும் மாதங்கள் வருஷத்துக்கு நான்குதான். இந்த ஆண்டு மார்ச், மே போய்விட்டன; ஆகஸ்டும் நவம்பரும் பாக்கி. அந்த ஐந்தாவது சம்பளத்துக்கு வாடகைப் பங்கு கிடையாது. அதைப் பள்ளத்துக்கென்று தனியே வைத்தால் வெளிக்கடன் ஒன்று குறையும். இதே கணக்கு கடனில் எதிராக ஓடும். இரு வாரத் தவணை என்றால் வருஷத்துக்கு 24 அல்ல, 26. "மாசம் ரெண்டு தடவைதானே" என்று கையெழுத்துப் போட்டவர்களுக்கு அந்த இரண்டு தவணை எங்கிருந்து வந்தது என்று புரிவதில்லை.

10 ஜூன், செவ்வாய்

குழுக் கடன், அதாவது நிதி நிறுவனம் பெண்களைக் குழுவாகச் சேர்த்துத் தரும் கடன். ஐம்பதாயிரம், 24 மாதம், "ரெண்டு ரூபா வட்டிங்க்கா" என்பார்கள். அந்த இரண்டு ரூபாய்க்கு இரண்டு அர்த்தம் உண்டு. குறையும் அசலுக்கு வட்டி போட்டால் மாதத் தவணை 2,644. முழு அசலுக்கும் கடைசிவரை போட்டால் 3,083. மாதம் 439 வித்தியாசம். கடன் முடியும்போது பத்தாயிரத்துக்கு மேல். எனவே வட்டி எவ்வளவு என்று கேட்பதைவிட, தவணை எவ்வளவு, எத்தனை தவணை, கையில் எவ்வளவு தருவீர்கள் என்ற மூன்றையும் கேளுங்கள். 2,644 பெருக்கல் 24, 63,456. செயலாக்கக் கட்டணமும் காப்பீடும் 1,500 பிடித்துக்கொண்டு 48,500 தந்தால் அந்தக் கடனின் உண்மையான விலை 14,956 ரூபாய்.

2022 ஏப்ரலிலிருந்து நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு ஈடில்லாமல் தருவது நுண்கடன். குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்கும் சேர்த்து மாதத் தவணை வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. மாதம் 18,000 வந்தால் 9,000 வரைதான். இந்த நல்ல விதி இரண்டு இடத்தில் ஓட்டையாகிறது. ஒன்றரை ஷிப்ட் ஓடிய வாரத்தை நாலால் பெருக்கி மாத வருமானம் என்று எழுதிவிடுகிறார்கள். அடகுக் கடையும் தண்டலும் (தினத் தவணைக் கடன்) கடன் தகவல் நிறுவனங்களின் பதிவில் வருவதே இல்லை. பாரத்தில் வருமானம் என்ற கட்டத்தை உங்கள் மோசமான மாதத்தை வைத்து நிரப்பச் சொல்லுங்கள். கடன் குறைவாகத்தான் கிடைக்கும். கட்டக்கூடிய கடன் அந்த அளவுதான்.

பக்கத்து வீட்டுக்காரிக்காக உங்கள் ஆதாரில் கடன் எடுத்துத் தராதீர்கள். அவள் நல்லவளாகவே இருப்பாள். வேலை போனால் அவளால் என்ன செய்ய முடியும்? சட்டப்படி அது உங்கள் கடன். உங்கள் பெயரில் என்னென்ன கடன் நிற்கிறது என்ற அறிக்கையை ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனத்திடமும் ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாக வாங்கலாம்.

12 ஜூன், வியாழன்

வசூல் மீட்டிங் நடக்கும் திண்ணையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒருத்திக்கு 300 ரூபாய் குறையும். பை மூடாது, யாரும் எழுந்திருக்க முடியாது. கம்பெனி வண்டி வரும் நேரம் நெருங்க நெருங்க மற்ற ஒன்பது பேரின் கோபமும் அவள் மேல் திரும்பும். வசூலிப்பவர் ஒரு வார்த்தை சத்தமாகப் பேச வேண்டியதில்லை, கூட்டமே பேசிவிடும். இந்த அவமானத்துக்குப் பயந்துதான் அன்று காலையிலேயே 300-க்குத் தண்டல்காரரிடம் போகிறார்கள்.

ரிசர்வ் வங்கி விதி சொல்வது இது. வசூல், இருவரும் ஒப்புக்கொண்ட இடத்தில்தான். அடுத்தடுத்து இரண்டு முறையோ அதற்கு மேலோ அங்கே வராவிட்டால்தான் வீட்டுக்கோ வேலையிடத்துக்கோ வரலாம். காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் போன் கூடாது. கெட்ட வார்த்தை, மிரட்டல், உறவினரையும் உடன் வேலை செய்பவரையும் தொந்தரவு செய்வது, பெயரை வெளியிடுவது எல்லாம் தடை. அபராத வட்டி தவறிய தவணைக்கு மட்டும். முழுக் கடனுக்கும் போடக் கூடாது. முன்கூட்டி அடைத்தால் அபராதமே இல்லை.

கடன் அட்டை உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். பணம் கொடுத்ததும் அட்டையில் தேதி, தொகை, கையெழுத்து மூன்றும் விழுந்ததா என்று அங்கேயே பாருங்கள். "அடுத்த வாரம் சேர்த்துப் போட்டுக்கலாம்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பாதித் தொகைதான் இருக்கிறதென்றால் பாதியைக் கட்டி அதையும் எழுத வையுங்கள். வராமல் இருந்துவிடுவதைவிட அது நூறு மடங்கு மேல்.

புகார் முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு, எழுத்தில். முப்பது நாளில் பதில் இல்லாவிட்டாலோ பதில் சரியில்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். உதவி எண் 14448.

16 ஜூன், திங்கள்

மகளிர் உரிமைத்தொகை 1,000 வந்து, மறுநாளே 400 ஆகிவிட்டது என்று வங்கியில் நிற்கும் பெண்களைப் பார்க்கலாம். எங்கோ தவணையில் வாங்கிய போனுக்கோ மிக்சிக்கோ தானாகப் பணம் எடுக்கும் அனுமதி அந்தக் கணக்கில் இருக்கும். கணக்கில் பணம் இல்லாத நாளில் தவணை திரும்பினால் வங்கி அபராதம் போடும். கடன் தந்தவரும் தனியாகப் போடுவார். அடுத்து வரும் எந்தப் பணத்திலும் முதலில் அது கழியும். அரசுத் தொகைக்கென்று குறைந்தபட்ச இருப்புத் தேவையில்லாத அடிப்படை சேமிப்புக் கணக்கைத் தனியாக வைத்து, எந்தத் தவணையையும் அதில் இணைக்காமல் இருங்கள்.

19 ஜூன், வியாழன்

தண்டல் கணக்கு. பத்தாயிரம் என்று சொல்லி 8,500 தருவார். தினம் 100 வீதம் நூறு நாள். 1,500 தானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிக்கொண்டிருப்பதால், பாதிக் காலத்தில் உங்கள் கையில் இருப்பது பாதிப் பணம்தான். ஆண்டுக் கணக்கில் வட்டி 120 சதவீதத்தைத் தொடுகிறது. பத்து வட்டிக்கு (மாதம் நூற்றுக்குப் பத்து ரூபாய்) சமம்.

கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றுக்கும் எதிராக 2003 முதலே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. கடன் வசூலில் வன்முறையைத் தடுக்கும் புதிய சட்டத்தை இந்த ஏப்ரலில் சட்டமன்றம் நிறைவேற்றியது. கடன் வாங்கியவரையோ குடும்பத்தையோ மிரட்டி வசூலித்தால் மூன்று ஆண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம். புகார் நிற்க வேண்டுமானால் எழுத்து வேண்டும். வாங்கிய தேதி, கைக்கு வந்த தொகை, கட்டிய ஒவ்வொரு நாள், கொடுத்த வெற்று செக்கின் எண், கையெழுத்திட்ட வெற்றுப் பத்திரத்தின் எண் இவற்றை ஒரு நோட்டில் அன்றன்றே எழுதி வைத்தால் போதும். காசோலைப் புத்தகத்தைக் கொடுக்கும் முன் எண்ணைக் குறித்துக்கொள்ளாததால் நொறுங்கிய வழக்குகள் ஏராளம்.

24 ஜூன், செவ்வாய்

பிஎஃப் முன்பணத்துக்குத் தானியங்கி முறையில் ஒப்புதல் தரும் வரம்பை ஒரு லட்சத்திலிருந்து 5 லட்சமாக உயர்த்தியதாக மத்திய அமைச்சர் இன்று அறிவித்திருக்கிறார். நம் ஆட்களின் கணக்கில் அவ்வளவு இருக்காது. ஆனாலும் மருத்துவச் செலவு என்றால் தண்டலுக்கு முன் இதைப் பாருங்கள். 2025 ஜூனில் இருந்த விதிப்படி, எத்தனை வருஷம் வேலை பார்த்தோம் என்ற நிபந்தனை இல்லை. அதே விதிப்படி, ஆறு மாத அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் அல்லது உங்கள் பங்கும் அதன் வட்டியும், இதில் எது குறைவோ அது கிடைக்கும். ஆதாரில் ஒரு எழுத்து, பிஎஃப் கணக்கில் வேறு எழுத்து என்றால் நின்றுவிடும். தேவை வரும் முன்பே பெயர், பிறந்த தேதி, வங்கிக் கணக்கு, போன் எண் நான்கையும் சரிபார்த்து வையுங்கள்.

இஎஸ்ஐயில் நோய் விடுப்புக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. இதற்கு ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்குப் பணம் கட்டியிருக்க வேண்டும். இந்த ஜூலை முதல் டிசம்பர் வரை படுத்தால், பார்க்கப்படுவது போன அக்டோபர் முதல் மார்ச் வரையான கணக்கு. பீஸ் ரேட் (துண்டுக் கணக்கில் கூலி வாங்கும்) ஆட்களைக் கான்ட்ராக்டர் கணக்கில் வைத்து நாளைக் குறைத்துக் காட்டுவது இங்கேதான் கழுத்தறுக்கிறது. சம்பளத்தில் பிடித்தால் மட்டும் போதாது. இணையத்தில் உங்கள் பெயரில் எத்தனை நாள் ஏறியிருக்கிறது என்று பாருங்கள்.

28 ஜூன், சனி

கரண்ட். இரண்டு மாதத்துக்கு 120 யூனிட் ஓடும் சின்ன வீடு. தனி இணைப்பு இருந்தால் முதல் 100 இலவசம், மீதி 20 யூனிட்டுக்கு 2.35 வீதம் 47 ரூபாய். ஐந்து வீட்டுக்கு ஒரே இணைப்பு என்றால் 600 யூனிட். 500-ஐத் தாண்டியதால் விகிதமே மாறி 2,940 ரூபாய் வரும், யூனிட்டுக்கு 4.90. வீட்டுக்காரர் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு ரூபாய் வாங்கினால் ஐந்து வீட்டிலும் சேர்த்து 4,800. ஆக, 47 கட்ட வேண்டிய குடும்பம் 960 கட்டுகிறது.

வாடகை பேசும்போதே தனி இணைப்பு உண்டா என்று கேளுங்கள். 400 ரூபாய் வாடகை கூடுதலாக இருந்தாலும் உடனே ஒதுக்கிவிடாமல், கரண்டையும் தண்ணீரையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். ஏற்கெனவே குடியிருப்பவர்கள் ஐந்து வீடும் சேர்ந்து, மின்வாரிய ரசீதைக் காட்டச் சொல்லி அதன்படி பங்கு போடலாம் என்று கேட்கலாம். ஒருவர் மட்டும் கேட்டால் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவார். ஐந்து வீட்டையும் ஒரே நேரத்தில் காலி செய்யச் சொல்வது அவருக்கும் கஷ்டம்.