பாடகரே பைலட்

நம்ம ஊர்ல கச்சேரிக்குப் போற வேன்ல டிரைவருக்குத்தான் ராஜமரியாதை. அயர்ன் மெய்டன்கிற பிரிட்டிஷ் ஹெவி மெட்டல் இசைக்குழுவுல அந்த டிரைவரே பாடகர்!

புரூஸ் டிக்கின்சன் முறையா லைசென்ஸ் வாங்கி, பயணிகள் விமானக் கம்பெனியில வேலை பார்த்த பைலட். 2008 உலகச் சுற்றுப்பயணத்துக்கு ஒரு போயிங் 757-ஐ எடுத்து, சீட்டுகளைக் கழற்றி இடம் பண்ணி, பேண்டு, ஆட்கள், டன் கணக்குல சாமான் எல்லாத்தையும் ஒரே விமானத்துல ஏத்திட்டாங்க. வாலில் பேண்டோட சின்னமான 'எட்டி'ங்கிற பொம்மையோட படம். விமானத்தோட பேரு எட் ஃபோர்ஸ் ஒன். அந்தப் பயணத்தோட முதல் கச்சேரி எங்க தெரியுமா? பிப்ரவரி 1, மும்பை!

2016-ல ஆசை பெருசாகி 747. அதை ஓட்டவும் மனுஷன் தனியாப் பயிற்சி எடுத்தார். அப்போ வயசு 57. நாக்குப் புற்றுநோய் சிகிச்சை முடிஞ்சு வந்த கையோட!

மார்ச்சுல சிலி நாட்டு சாண்டியாகோவுல, எரிபொருள் போட விமானத்தை இழுத்துட்டுப் போறப்போ இழுவை வண்டியில மோதி ரெண்டு என்ஜின் காலி. ஊழியர் ரெண்டு பேருக்குக் காயம், பாவம். ஆனாலும் அடுத்து அர்ஜென்டினா கச்சேரி நடந்துச்சு.

எனக்கு பஸ்ல ராத்திரி முழுக்க உட்கார்ந்து வந்தாலே மறுநாள் லீவு.