சேமித்த பிறகு திருத்த முடியாத பில்

"மூட்டை ஏத்தி முடிக்கிற வரைக்கும் எது நிச்சயம், தம்பி? பில்லைத் திருத்த விடக் கூடாதா?" என்று விருதுநகரில் ஒரு பருப்பு மொத்தக் கடையில் பில் போடும் அக்கா கேட்டார். "சட்டம் அப்படித்தான் அக்கா" என்று நான் சொன்ன பதில் இன்றும் என்னை உறுத்துகிறது. கடைகளுக்கு நாங்கள் எழுதித் தரும் பில் மென்பொருளில், பில்லைச் சேமித்ததும் எண் விழுந்துவிடும். அதன்பின் ரத்து செய்யலாம், தொகையைக் குறைத்துக் காட்டும் கிரெடிட் நோட் போடலாம், திருத்த மட்டும் முடியாது. ஆகவே அவர் எல்லாவற்றையும் முதலில் துண்டுச் சீட்டில் எழுதிவைத்து, மூட்டைகள் ஏறி முடிந்த பிறகே கணினியில் பதிகிறார்.

நான் சொன்னதற்கு ஆதாரம் உண்டு. ஜிஎஸ்டி விதி 46 பில்களுக்குத் தொடர் எண் கேட்கிறது. ரத்தான எண்களின் கணக்கையும் விற்பனை விவரம் தாக்கல் செய்யும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தில் காட்ட வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு மாற்றத்தின் தடத்தையும் பதிந்து வைத்தாக வேண்டும். அக்கா வேலை பார்ப்பது தனிநபர் கடை, கம்பெனிகளுக்கான அந்தத் தட விதி அதற்குப் பொருந்தாது. ஆனாலும் எல்லோருக்கும் ஒரே மென்பொருளைத் தரும் நாங்கள் கடுமையான விதியை ஒட்டித்தான் எழுத வேண்டியிருக்கிறது. இருந்தும், அந்த விதி கேட்பது மாற்றத்தின் தடத்தைத்தான்; மாற்றமே கூடாது என்று அது எங்கும் சொல்லவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. ஜிஎஸ்டி சட்டத்தின் 31ஆவது பிரிவின்படி, சரக்கு விற்பனைக்காகக் கடையை விட்டு வெளியேறும் நேரத்திலோ அதற்கு முன்போ பில் போட்டால் போதும். வண்டி கிளம்புவதற்கு முன் பில் போடும் அக்கா, சட்டம் குறிப்பிடும் அதே நேரத்தில்தான் போடுகிறார். ஆறு மூட்டை துவரம்பருப்பு கேட்டவர் விலை பேசி ஐந்தாகக் குறைத்துக்கொண்டதும், யார் சொல்லி விலை இறங்கியது என்பதும் அந்தச் சீட்டில் மட்டுமே இருக்கின்றன. வண்டி போனதும் சீட்டு கிழிக்கப்படுகிறது. எங்கள் மென்பொருளில் திருத்தத்தின் தடமே இல்லாத, அப்பழுக்கற்ற கணக்கு நிற்கிறது. கணக்கு ஒழுங்காக இருப்பதாக நாங்கள் பெருமைப்பட்டதற்கு அந்தச் சீட்டும் ஒரு காரணமோ என்று இப்போது தோன்றுகிறது.

எண் விழாத வரைவு பில் ஒன்றைக் கொடுத்துவிடலாமே என்று அலுவலகத்தில் கேட்டார்கள். அதை எதிர்த்தவன் நான்தான், இப்போதும் முழு மனதோடு ஆதரிக்கவில்லை. எண்ணில்லாத ஒரு தாளை அச்சடிக்க வழி கொடுத்தால், அதை வைத்தே சரக்கை அனுப்பிவிட்டுக் கணக்கில் காட்டாமல் விடும் கடைகளும் உண்டு. அதற்குக் கருவி செய்து கொடுத்தவர்களாக நாங்கள் ஆகிவிடக் கூடாது. ஆனால் அதே காரியத்தைச் செய்ய நினைப்பவருக்குத் துண்டுச் சீட்டு ஏற்கெனவே கையில் இருக்கிறது. எங்கள் கெடுபிடி தடுப்பது அவரையா, ஏற்றி முடிக்கும்வரை காத்திருக்கும் அக்காவையா என்பதற்கு என்னிடம் தெளிவான விடை இல்லை. அச்சடிக்க முடியாத, திரையில் மட்டும் நிற்கும், ஒவ்வொரு திருத்தத்தையும் பதிந்துகொள்ளும் வரைவு என்று ஒரு யோசனை எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் மூட்டை தூக்குகிறவரின் கையில் கொடுத்து அனுப்பத் தாள் வேண்டும் என்று அக்கா சொன்னால், அந்த யோசனையும் நிற்காது.