கொழும்பில் சனல் பண்ணிப் பழகியவர்களுக்கு வெளிநாட்டு வைத்தியம்

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இருப்பவருக்கு முழங்கால் நோ விடாமல் இருந்தால், பின்னேரம் எலும்பு ஸ்பெஷலிஸ்ட் ஒருவரைச் சனல் பண்ணுவார், அதாவது தனியாரிடம் காசு கட்டி நேரே நம்பர் எடுத்துக் காட்டுவார். காசு இல்லையென்றால் விடிய எழும்பி பெரியாஸ்பத்திரி ஓபிடியில் வரிசைக்கு நிற்பார். இரண்டுக்கும் யாருடைய கடிதமும் தேவையில்லை. லண்டனுக்கோ ரொறன்ரோவுக்கோ போன எங்கள் ஆட்கள் முதலில் தடுமாறுவது இந்த இடத்தில்தான். போகுமுன் எல்லோரும் "அங்கே வைத்தியம் ஃப்ரீயா?" என்று விசாரிக்கிறார்கள். ஸ்பெஷலிஸ்டிடம் யார் அனுப்புவது, எந்தச் செலவு கணக்கில் சேராது என்ற இரண்டையும்தான் விசாரிக்க வேண்டும்.

இங்கிலாந்தில் விசா விண்ணப்பத்தோடேயே காசு போய்விடும். 2024 பெப்ரவரி முதல் சுகாதாரக் கட்டணம் பெரியவருக்கு வருடத்துக்கு 1,035 பவுண்ட், 18 வயதுக்கு உட்பட்டவருக்கும் மாணவருக்கும் 776. தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள் என்று மூன்று வருட வேலை விசாவுக்குப் போட்டால் 10,866 பவுண்ட், அதுவும் ஒரே தடவையில். நர்ஸ்மார் போகும் சுகாதாரப் பணியாளர் விசாவுக்கு மட்டும் இது இல்லை. போய் இறங்கிய கிழமையே வீட்டுக்குக் கிட்ட உள்ள ஜிபி என்ற குடும்ப டொக்டரிடம் பதியுங்கள். வருத்தம் வந்த பிறகு பதியலாம் என்று இருப்பவர்கள்தான் அதிகம் அலைகிறார்கள். விலாச அத்தாட்சி இல்லையென்று திருப்பி அனுப்ப அவர்களுக்கு உரிமை கிடையாது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். ஸ்பெஷலிஸ்டிடம் அனுப்புவது ஜிபிதான், அதற்குப் பிறகு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியும் வரும். ஆனால் பில் வராது. மருந்துக்கு இங்கிலாந்தில் ஒரு வகைக்கு 9.90 பவுண்ட், ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் ஒன்றுமில்லை. சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர் ஜிபியிடம் விலக்குப் படிவம் கேட்டு வாங்கினால் எல்லா மருந்தும் இலவசம். கேட்காமல் வருடக்கணக்காகக் காசு கட்டுபவர்கள் இருக்கிறார்கள், நினைக்கவே மனவருத்தமாக இருக்கிறது.

கனடாவில் கதை வேறு. டொக்டருக்கும் ஆஸ்பத்திரிக்கும் காசில்லை. ஆனால் ஃபார்மசியில் வாங்கும் மாத்திரை, பல், கண்ணாடி எல்லாம் பெரும்பாலும் உங்கள் கைக்காசு, அல்லது வேலை தரும் இன்ஷூரன்ஸ். இங்கே அரச மருந்துக்கடையான ஒசுசலவில் குறைந்த விலைக்கு வாங்கிப் பழகியவர்களுக்கு அந்த முதல் பில் பெரிய அடி. ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் மருந்துச் செலவுக்கு மூன்று வழிகள் உண்டு. 25 வயதுக்குட்பட்டு வேறு இன்ஷூரன்ஸ் இல்லாதவர்களுக்கு ஓஹிப் பிளஸ், 65 தாண்டியவர்களுக்கு மாகாண மருந்துத் திட்டம், இடையில் உள்ளவர்களுக்கு ட்ரில்லியம் என்ற திட்டம். ட்ரில்லியத்துக்கு நீங்களாக விண்ணப்பிக்க வேண்டும். வீட்டு வருமானத்தில் ஏறக்குறைய 4 வீதம் வரை நீங்கள் கட்டிய பிறகுதான் அது தொடங்கும். அரச வைத்தியத்துக்கான ஹெல்த் கார்ட் எடுக்க முன்பிருந்த மூன்று மாதக் காத்திருப்பு ஒன்ராறியோவில் 2020 மார்ச்சில் நீங்கியது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் வந்த மாதத்தின் மிச்ச நாட்களும் அதன் பின் இரண்டு மாதமும் போக வேண்டும். அந்த இடைவெளிக்குத் தனியார் இன்ஷூரன்ஸ் எடுக்காமல் போகாதீர்கள்.

சுவிஸில்தான் கணக்குப் பார்க்கத் தெரிய வேண்டும். வந்து மூன்று மாதத்துக்குள் நீங்களே ஒரு இன்ஷூரன்ஸ் கம்பனியைத் தெரிவு செய்து பதிய வேண்டும். காப்பு நீங்கள் நாட்டுக்கு வந்த நாளிலிருந்து தொடங்கும், கட்டணமும் அந்த நாளிலிருந்தே கட்ட வேண்டும். அதோடு ஃப்ரான்சீஸ் என்று ஒன்று. அந்தத் தொகை வரை முழுச் செலவும் உங்களுடையது, அதற்கு மேல் 10 வீதம், ஆனால் அந்த 10 வீதம் வருடத்துக்கு 700 பிராங்கைத் தாண்டாது. பெரியவருக்கு ஃப்ரான்சீஸ் 300 முதல் 2,500 வரை. மாதக் கட்டணம் குறைகிறதே என்று 2,500ஐத் தெரிவு செய்துவிட்டு, அந்த வருடமே ஒரு ஒப்பரேஷன் வந்தால் 3,200 பிராங்க் கையிலிருந்து போகும். 300ஐத் தெரிவு செய்தவருக்கு 1,000தான். பிரஷர், கொலஸ்ட்ரோல், சீனி என்று தொடர்ந்து மருந்து எடுப்பவர் யோசிக்காமல் 300ஐ எடுக்கட்டும். பிள்ளைகளுக்குப் பூச்சியம். கம்பனி மாற்றுவதென்றால் கடிதம் நவம்பர் 30க்குள் அவர்கள் கையில் கிடைக்க வேண்டும். வருமானம் குறைந்தவர்களுக்கு கன்ரோன், அதாவது அந்த மாகாண அரசு, கட்டணக் கழிவு தரும். பல இடங்களில் கேட்டால்தான் கிடைக்கும்.

பிரான்சில் குடும்ப டொக்டரின் பெயரைப் பதிந்து கொள்ளுங்கள். பதியாவிட்டால் நீங்கள் கட்டிய டொக்டர் காசில் 70 வீதம் திரும்பி வரவேண்டிய இடத்தில் 30தான் வரும். ஜேர்மனியில் இன்ஷூரன்ஸ் கட்டணம் சம்பளத்திலேயே கழியும், பாதியை முதலாளி கட்டுவார். ஆஸ்பத்திரியில் படுத்தால் நாளுக்கு 10 யூரோ, வருடத்துக்கு 28 நாள் வரை. அவுஸ்திரேலியாவில் பல்க் பில்லிங் செய்யும், அதாவது உங்களிடம் காசு வாங்காமல் அரசுக்கே பில் போடும் கிளினிக்கா என்று போன் பண்ணும்போதே கேட்டு விடுங்கள்.

அம்புலன்ஸ் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கே 1990க்கு அடித்தால் சுவசெரிய ஒரு சதமும் வாங்காமல் வரும். பிரிட்டனிலும் அப்படித்தான். ஒன்ராறியோவில் கார்ட் இருந்தாலும் சாதாரணமாக 45 டொலர் பில் வரும். சுவிஸ் அடிப்படை இன்ஷூரன்ஸ் பாதியைத்தான் தரும், அதுவும் வருடத்துக்கு 500 பிராங்க் வரை. மெல்பேர்னில் அரச சுகாதாரக் காப்பான மெடிகெயார் இதற்குக் கட்டாது. விக்டோரியா அம்புலன்ஸ் சேவையில் அங்கத்தவராகி விடுங்கள்.

கொழும்பில் இருந்து வெளிக்கிடுமுன் கிளினிக் கொப்பியை முழுதாகப் போட்டோப் பிரதி எடுங்கள். மருந்தின் கம்பனிப் பெயர் அங்கே ஒருவருக்கும் விளங்காது. மெட்ஃபோர்மின் 500 மில்லிகிராம், லொசார்ட்டன் 50 மில்லிகிராம் என்று மருந்தின் சொந்தப் பெயரையும் அளவையும் டொக்டரிடம் ஆங்கிலத்தில் எழுதி வாங்குங்கள். எங்கள் லாப் ரிப்போர்ட்டில் சீனி மில்லிகிராம் கணக்கில் இருக்கும். பிரிட்டன், கனடா, அவுஸ்திரேலியாவில் மில்லிமோல். எங்கள் எண்ணை 18ஆல் பிரியுங்கள்: 126 என்றால் 7, 180 என்றால் 10. அங்கே மீற்றரில் 10 என்று கண்டு, சீனி இறங்கிவிட்டது என்று ரொபி சாப்பிட்டால் ஆபத்து.

பிள்ளைகளின் ஊசிப் பதிவேட்டை விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஒன்ராறியோப் பள்ளிக்கூடங்களுக்கு அந்த விபரம் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் பிள்ளையை இடைநிறுத்தவும் கூடும். அங்கே கேட்கும் மெனிங்கோகொக்கல் ஊசியும் 2010இலும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களுக்கான கொப்புளிப்பான் (சின்னம்மை) ஊசியும் இலங்கைத் தேசியத் திட்டத்தில் இல்லை. பிறந்தவுடன் போடும் பிசிஜி ஊசியால் காசநோய்த் தோல் பரிசோதனை பொய்யாகப் பொசிட்டிவ் காட்டலாம். பிசிஜி போட்டது என்று முதலே சொல்லுங்கள்.

பிறகு அம்மா அப்பாவைக் கூப்பிடும் நேரம் வரும். பெற்றோருக்கான கனடா சூப்பர் விசாவுக்குக் குறைந்தது 100,000 டொலர் மருத்துவ இன்ஷூரன்ஸ் காப்பு, ஒரு வருடத்துக்கு. பிரிட்டனுக்கு விசிட் விசாவில் வருபவரை வார்டில் அனுமதித்தால் என்எச்எஸ் என்ற அங்குள்ள அரச சுகாதார சேவை செலவின் ஒன்றரை மடங்கு பில் போடும். பொலிசி எடுக்கும்போது அப்பாவின் பழைய ஹார்ட் வருத்தத்தை மறைக்காமல் எழுதுங்கள். கிளெய்ம் வரும்போது கம்பனி முதலில் தோண்டுவது அந்தப் பழைய ரிப்போர்ட்டுகளைத்தான்.