பாரிஸ்: காசு கொடுத்துப் பார்த்த வான்கோவும் இலவசமாகப் பார்த்த வான்கோவும்

சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். பாரிஸுக்கு ஓவியம் பார்க்கப் போகிறவர்கள் இப்போது இரண்டு வகை டிக்கெட்டுக்கு நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள். ஒன்று ஓர்சே, ஒரான்ஜெரி மாதிரி நிஜ ஓவியம் தொங்கும் மியூசியம். இன்னொன்று, இருட்டு மண்டபத்தில் சுவர், தூண், தரை எல்லாவற்றின் மேலும் ப்ரொஜெக்டரால் வான்கோவை ஓடவிடும் ஒளிக்காட்சி. இன்ஸ்டாகிராமில் கூட்டம் இரண்டாவதுக்குத்தான். நான், அக்கா, அக்கா மகள் மூன்று பேரும் சனிக்கிழமை ஒளிக்காட்சி, ஞாயிறு மியூசியம் என்று இரண்டையும் பார்த்தோம். டிக்கெட், வழி, நேரம் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். எவ்வளவு தூரம் முடிகிறது என்று பார்ப்போம்.

காசு விஷயம் முதலில், ஏனென்றால் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஒளிக்காட்சிக்குப் பெரியவர்களுக்கு ஆளுக்கு 18 யூரோ. அக்கா மகளுக்கும் தனி டிக்கெட், சிறுவர் கட்டணம் என்ற பெயரில் பாதிக்கு மேல். ஓர்சேயில் இணையத்தில் வாங்கினால் 16 யூரோ. 18 வயதுக்குக் கீழே இருந்தால் ஓர்சே, ஒரான்ஜெரி இரண்டிலும் காசே கிடையாது. மாதத்தின் முதல் ஞாயிறு என்றால் பெரியவர்களுக்கும் இலவசம், ஆனால் முன்பதிவு கட்டாயம். அதாவது, ஒரு ஓவியம்கூட இல்லாத இடத்துக்கு மூன்று பேரும் காசு கொடுத்தோம். உலகம் பொக்கிஷம் என்று பூட்டி வைத்திருக்கும் ஓவியங்களைச் சும்மா பார்த்தோம்.

இது அநியாயம் என்று நான் புலம்பியதற்கு அக்கா, "அவன் கரண்ட் பில் கட்ட வேண்டாமா?" என்றாள். கட்டட்டும். ஆனால் இந்தத் தொழிலின் கணக்கைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வான்கோ இறந்தது 1890இல், கிளிம்ட் 1918இல், மோனே 1926இல். பிரான்ஸில் காப்புரிமை ஓவியர் இறந்து 70 ஆண்டுகள் வரைதான். எனவே இவர்கள் படங்களுக்கு ஒரு காசு உரிமைத்தொகை கிடையாது. 1973இல் இறந்த பிக்காசோவை இப்படிச் சும்மா ஓட்ட முடியாது. எந்த ஊரில் ஒளிக்காட்சி என்றாலும் திரும்பத் திரும்ப வான்கோ, கிளிம்ட், மோனே என்றே வருவதற்கு ரசனை மட்டும் காரணமில்லை. நிஜ ஓவியம் இல்லாததால் காப்பீடு இல்லை, கடல் தாண்டிக் கொண்டுவரும் செலவு இல்லை. அதே வீடியோவை ஒரே நேரத்தில் பத்து நகரங்களில் ஓட்டலாம். இவ்வளவு சாதகம் இருந்தும் வட அமெரிக்க நகரங்களில் இதைப் பெரிய அளவில் நடத்திய ஒரு கனடா நிறுவனம் 2023இல் திவால் மனு போட்டது. ஒருமுறை பார்த்தவர் மறுமுறை வருவதில்லையோ என்னவோ.

சரி, உள்ளே போவோம். கனமான கறுப்புத் திரையை விலக்கிக்கொண்டு நுழைந்ததும் முதல் பத்து நிமிடம் எனக்குப் புல்லரித்தது. இதை மறைக்க மாட்டேன். முப்பதடி உயரத்துக்கு மஞ்சள். கோதுமை வயல் தரையில் வழிந்து வந்து நம் செருப்பின் மேல் ஏறுகிறது. இசை நெஞ்சுக்கூட்டுக்குள் அதிர்கிறது. ஒரு மூன்று வயதுக் குழந்தை தரையில் நகரும் நட்சத்திரத்தை மிதிக்கப் பார்க்கிறது. மிதித்தால் அது காலின் மேல் ஏறிக்கொள்கிறது. குழந்தை கெக்கலித்துச் சிரிக்கிறது. வான்கோவின் தூரிகை எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் இழுத்தது என்பது அந்த அளவில் பார்க்கும்போதுதான் எனக்குப் புரிந்தது. மியூசியத்தில் ஒரு சாண் நீளத்தில் இருப்பது இங்கே ஒரு பஸ் நீளத்துக்கு இருக்கிறது. அக்கா மகள் தரையில் மல்லாந்து படுத்துவிட்டாள். பக்கத்தில் ஒரு வயதான தம்பதி மடக்கு நாற்காலியில் கைகோத்து உட்கார்ந்திருந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் எரிச்சல் ஆரம்பம்.

முதலாவது, எதையும் சும்மா இருக்க விடமாட்டேன் என்கிறார்கள். காகம் வரைந்திருந்தால் அது சிறகடித்துப் பறக்க வேண்டும். புகைக்குழாய் இருந்தால் புகை வர வேண்டும். உச்சக்கட்டமாக வந்தது பாதாம் பூ. நீல வானத்தின் முன் வெள்ளைப் பூக்கள் கிளைபரப்பி நிற்கும் படம். பை, குடை, தலையணை உறை என்று எல்லாவற்றிலும் பார்த்திருப்பீர்கள். 1890 ஜனவரி கடைசியில் தம்பி தியோவுக்கு ஆண் குழந்தை பிறந்து, அண்ணன் பெயரையே வைத்தார்கள். அந்தக் குழந்தைக்காக வான்கோ வரைந்த படம் அது. கடுங்குளிரிலேயே பூத்துவிடும் மரம். மொட்டும் மலர்ச்சியுமாகத்தான் வரைந்திருக்கிறார். இங்கே சோக வயலின் பின்னணியில் இதழெல்லாம் பொலபொலவென்று எங்கள் தலையில் கொட்டியது. அழகாகத்தான் இருந்தது, கூட்டமே "ஓ" என்றது. எனக்கோ பிறந்தநாள் வீட்டில் ஒப்பாரி வைத்த மாதிரி இருந்தது.

இரண்டாவது, தொழில்நுட்பம். பக்கத்துப் பக்கத்து ப்ரொஜெக்டர்களின் ஓரங்களை ஒன்றன் மேல் ஒன்று கொஞ்சம் ஏற்றி, ஒட்டுப்போட்டது தெரியாமல் ஒளியைக் குறைத்துக் கலப்பார்கள். நன்றாகச் செய்தால் சுவர் முழுக்க ஒரே படம். நாங்கள் போன இடத்தில் இடதுமூலையில் ஒரு ப்ரொஜெக்டர் மற்றவற்றைவிடப் பிரகாசமாக எரிந்துகொண்டிருந்தது. வானம் வரும்போதெல்லாம் அந்த மூலையில் மட்டும் விடிந்துவிடும். இருட்டு நிறம் வந்தால் கறுப்பு கறுப்பாக இல்லாமல் சாம்பலாக வெளுத்தது. 'ரோன் நதியின் மேல் நட்சத்திர இரவு' என்ற படம் வந்தபோது, அதன் வலது ஓரம் சரியாக 'வெளியே' என்ற பச்சை விளக்கின் மேல் விழுந்தது. சுமார் 35 நிமிடத்தில் எல்லாம் முடிந்து மறுபடி முதலிலிருந்து ஓடியது. விரும்பினால் இன்னொரு சுற்று உட்காரலாம். உட்கார்ந்தோம், கொடுத்த காசுக்காக. வெளியே போகும் வழி கடைக்குள்தான் போகிறது. அக்கா பாதாம் பூ போட்ட குடை ஒன்று வாங்கினாள். அதன் விலையை இங்கே எழுதினால் அவள் படிப்பாள், வேண்டாம்.

ஞாயிறு காலை 9 மணிக்கு ஒரான்ஜெரி வாசலில் நின்றோம். இலவச ஞாயிறு என்றால் முதல் நேரத்தைப் பிடியுங்கள், பத்தரை ஆனால் உள்ளே மூச்சுவிட முடியாது. துய்லரி தோட்டத்தின் ஆரஞ்சு மரங்களைக் குளிர்காலத்தில் பாதுகாக்க 1852இல் கட்டிய கண்ணாடிக் கட்டிடம் இது. முதல் உலகப் போர் நின்ற மறுநாள், 1918 நவம்பர் 12 அன்று, மோனே தன் நண்பரும் அன்றைய பிரதமருமான கிளெமன்சோவுக்குக் கடிதம் எழுதி, நாட்டுக்குத் தன் ஓவியங்களைத் தருவதாகச் சொன்னார். அது வளர்ந்து வளர்ந்து இரண்டு முட்டை வடிவ அறைகள் நிறைய எட்டு அல்லிக்குள ஓவியங்களாக ஆகிவிட்டது. கண்ணில் புரை வளர்ந்துகொண்டிருந்தபோதே வரைந்திருக்கிறார். 1923இல் அறுவை சிகிச்சை. 1926 டிசம்பரில் இறந்துபோனார். அறைகள் திறந்தது 1927 மே மாதம். திறந்தபோது பெரிய கூட்டமெல்லாம் வரவில்லை. 1960களில் மேலே இன்னொரு மாடி கட்டி, கூரை வழியாக வந்த பகல் வெளிச்சத்தையே அடைத்துவிட்டார்கள். 2000இலிருந்து 2006 வரை மூடி வைத்து அந்த மாடியை எடுத்த பிறகுதான் வெளிச்சம் மறுபடி வந்தது.

இந்தக் கதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், அறைக்குள் நின்றபோது எனக்குத் தோன்றியது இதுதான்: முந்தின நாள் 18 யூரோ வாங்கிக்கொண்டு காட்டியதை இந்தக் கிழவர் நூறு வருடத்துக்கு முன்பே ப்ரொஜெக்டர் இல்லாமல் செய்துவிட்டார். சுற்றிலும் படம், மூலையே இல்லாத சுவர், எங்கே திரும்பினாலும் குளம். இரண்டாவது அறையில் இரண்டு வில்லோ மரங்கள் இருக்கும் ஒரு ஓவியம் மட்டும் 17 மீட்டர் நீளம். ஒரே பார்வையில் அடங்காது, நடக்கத்தான் வேண்டும். கிட்டே போனால் அல்லியும் இல்லை, தண்ணீரும் இல்லை. யாரோ கோபத்தில் கிறுக்கிய மாதிரி தீற்றல், அதன் மேல் இன்னொரு தீற்றல், காய்ந்து தடித்த வண்ணம். பின்னால் ஐந்தடி வந்தால் நிழல் தெரிகிறது. பத்தடி வந்தால் ஆழம் தெரிகிறது. எந்த அடியில் குளம் பிறக்கிறது என்று கண்டுபிடிக்க நான் முன்னும் பின்னும் போய்க்கொண்டே இருந்தேன். காவலர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

ஒளிக்காட்சியில் எனக்குக் குறைந்தது இதுதான். அங்கே படம் நடக்கிறது, நாம் கிடக்கிறோம். கிட்டே போவதும் விலகுவதும் எவனோ ஒரு எடிட்டரின் கையில். நான் ஒரு பூவை இன்னும் கொஞ்சநேரம் பார்க்க நினைத்தால் அது அதற்குள் சிதறி வேறு படமாகிவிடுகிறது. இங்கே படம் அசையாது. எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் எல்லாம் என் கால் கணக்கு.

அப்போது மேலே ஒரு மேகம் சூரியனை மறைத்தது. பச்சைப் பிரதிபலிப்பு என்று பெயர் வைத்த நீண்ட ஓவியம் சட்டென்று கறுத்து, அல்லிப்பூக்கள் மட்டும் வெள்ளையாக மிதந்தன. அரை நிமிடம். பிறகு பழையபடி. அறையில் இருந்த பாதிப்பேர் ஃபோனில் இருந்தார்கள்.

ஓர்சேக்குப் போக மெட்ரோ பிடிக்காதீர்கள், காசு தண்டம். துய்லரி தோட்டத்திலிருந்தே செங்கோர் பெயரிலுள்ள நடைபாலத்தில் சீன் நதியைக் கடந்தால் எதிரே ஓர்சே. தோட்டத்து வண்டியில் தண்ணீர் பாட்டிலும் வாங்காதீர்கள். தோட்டத்திலேயே குடிநீர்க் குழாய் இருக்கிறது, பாட்டிலை நீட்டினால் போதும்.

ஓர்சே பற்றி மியூசியப் பக்தர்கள் சொல்வதை அப்படியே நம்பவேண்டாம். 1900 உலகக் கண்காட்சிக்காகக் கட்டிய ரயில் நிலையம், 1986இல் மியூசியம் ஆனது, பெரிய கடிகாரம், எல்லாம் பிரமாதம். ஆனால் இலவச ஞாயிற்றுக்கிழமையில் அது இன்னமும் ரயில் நிலையம்தான். வான்கோ சுவர் முன்னால் தலைக்கு மேல் தலை, தலைகளுக்கு மேல் ஃபோன். முழங்கால் விட்டுப்போய், உட்கார இடம் தேடி அக்கா அலைந்ததைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "சுழல் சுழலா வானம் இருக்குமே, அது எங்கே?" என்று எனக்கு முன்னால் ஒருவர் காவலரிடம் கேட்டார். "நியூயார்க்" என்றார் காவலர், திரும்பிக்கூடப் பார்க்காமல். ஒளிக்காட்சியில் எல்லாப் படமும் ஒரே ஊரில் ஓடுவதால் வரும் குழப்பம் இது. ஓர்சேயில் இருப்பது வான்கோவின் இன்னொரு இரவு வானம்: ரோன் நதியின் மேல் நட்சத்திர இரவு, 1888.

அதை நெருங்க எங்களுக்குக் கால்மணி நேரம் ஆயிற்று. நெருங்கியதும் முதல் அதிர்ச்சி, எவ்வளவு சின்னது! மீட்டர் அகலம்கூட இல்லை. இரவில் ஆற்றங்கரையில் எரிவாயு விளக்கின் கீழே நின்று வரைந்த படம். நட்சத்திரங்கள் ஒவ்வொன்றும் விரலால் தடவிப் பார்க்கலாம் போல மேடிட்டு நிற்கின்றன. சற்றுப் பக்கவாட்டில் நகர்ந்தால் அறை வெளிச்சம் அந்த மேட்டில் பட்டு மினுங்குகிறது. ப்ரொஜெக்டரின் எத்தனை ஆயிரம் லூமென் வெளிச்சம் வந்தாலும் இது வராது, அங்கே சுவர் தட்டை. கீழே வலது ஓரத்தில் ஒரு ஆணும் பெண்ணும் கரையில் நடந்து வருகிறார்கள்.

"இந்த ரெண்டு பேரும் நேத்து இல்லையே மாமா" என்றாள் அக்கா மகள்.

இருந்தார்கள், பச்சை விளக்குக்குப் பின்னால்.

வெளியே வந்ததும் மரே என்ற பழைய பேட்டைப் பக்கம் போய்ச் சாப்பிடலாம் என்று பஸ் ஏறினோம். அதற்குப் பேர் பஸ்ஸா! நாலு நிறுத்தம் போனதும் ஓட்டுநர் பிரெஞ்சில் ஏதோ முணுமுணுத்தார். ஏதோ ஊர்வலம், சாலை மூடல், வழிமாற்றம். எல்லாரும் தோளைக் குலுக்கிவிட்டு இறங்கிப் போனார்கள். எங்களுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. டிக்கெட்டுக் காசு போனது போனதுதான். தூறல் வேறு. அக்கா பாதாம் பூக் குடையைப் பெருமையாக விரித்தாள், இரண்டு பேர் அதற்குள் அடங்கினார்கள், நான் நனைந்தேன்.

ஆனால் நனைந்து போனதற்கு ரோசியே தெருவில் கிடைத்த ஃபலாஃபெல் இருக்கிறதே! சூடான பீட்டா ரொட்டிக்குள் நாலைந்து ஃபலாஃபெல் உருண்டை (நம்ம ஊர் வடை மாதிரி, கொண்டைக்கடலையில்), வெளியே மொறுமொறு, உள்ளே பச்சைப் பசேல் என்று கொத்தமல்லி வாசம். கூடவே எண்ணெயில் வதங்கி வெண்ணெயாகக் குழைந்த கத்தரிக்காய், ஊதா முட்டைக்கோஸ், எள் அரைத்த சாஸ், கேட்டால் காரச் சட்னி. கையில் பிடித்துத் தின்ன முடியாது, முழங்கை வரை வழியும். சுத்த சைவம், 10 யூரோ, ஒருவருக்கு ஒன்று தாராளம். இரண்டு நாளில் உறுத்தாமல் கொடுத்த காசு இது ஒன்றுதான். யூதர்களின் ஓய்வு நாளான சனிக்கிழமை இந்தத் தெருவில் பல ஃபலாஃபெல் கடைகள் மூடியிருக்கும், நினைவிருக்கட்டும்.

நடைபாதையில் நின்று தின்றுகொண்டே தீர்ப்பு கேட்டேன். அக்கா மகள் யோசிக்கவே இல்லை. "நேத்துப் பார்த்ததுதான் மாமா. அங்கே படுத்துக்கலாம்."

"படம் நடக்குது, நீ படுத்திருக்கே. அதுல என்ன இருக்கு?" என்று என் கால் கணக்கை விளக்கினேன்.

"அந்தக் குளத்து ரூம்ல நடுவுல பெஞ்சு போட்டிருந்தாங்களே. கடைசியில நீங்களும் உட்கார்ந்துதான பார்த்தீங்க?"

"உட்கார்ந்தேன். ஆனா மேகம் வந்ததும் படமே மாறுச்சே, பார்த்தியா?"

"பார்த்தேன். அப்ப சூரியன்தான் அங்க ப்ரொஜெக்டர்."

நான் பதில் தேடிக்கொண்டிருந்தபோது அக்கா குடையை மடக்கி என் கையில் திணித்துவிட்டு, இன்னொரு ஃபலாஃபெல் வாங்க வரிசையில் போய் நின்றாள்.