நோயாளர் குழுவில் சேர்ந்தேன்

இங்கிலாந்தில் ஒவ்வொரு ஜி.பி. (குடும்ப மருத்துவர்) நிலையமும், அதன் சேவை பற்றி நோயாளர்கள் கருத்துச் சொல்லும் நோயாளர் பங்கேற்புக் குழு ஒன்றை வைத்திருக்க வேண்டும். 2015 ஏப்ரலிலிருந்து அது அரச சுகாதார சேவையுடனான அவர்களது ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. எங்கள் நிலையத்திலும் குழு இருந்தது. அதற்கான அறிவித்தல்தான் தடுப்பூசிச் சுவரொட்டிக்குப் பின்னால் பாதி மறைந்து கிடந்தது.

வரவேற்பு மேசையில் கேட்டதும் படிவத்தைத் தேடி எடுத்துத் தந்தார்கள். பெயர், மின்னஞ்சல், வசதியான நேரம், அவ்வளவுதான். மருத்துவ அறிவோ மணியான ஆங்கிலமோ யாரும் கேட்கவில்லை.

முதல் கூட்டத்தில் பாதி நேரம் கார் நிறுத்தும் இடத்துக்கே போய்விட்டது. சுற்றியிருந்தவர்கள் பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். பகல் இரண்டு மணிக்குக் கூட்டம் வைத்தால் வேறு யார் வருவார்கள்?

என் கவலை வேறு. பக்கத்து வீட்டு அம்மாவுக்குச் சிறுநீர்த் தொல்லை. அதை மருத்துவரிடம் ஆங்கிலத்தில் சொன்னது பள்ளிக்கூடம் போகும் பேரன். அவன் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். அம்மா பாதியை மறைத்துவிட்டார். இதைச் சொல்லத் தொடங்கியதுமே தலைவர் குறுக்கிட்டார்: தனிப்பட்ட முறைப்பாடுகளுக்கு இது இடமில்லை. சரி, கேள்வியை மாற்றினேன். மொழிபெயர்ப்பாளர் தேவை என்று நோயாளியின் பதிவில் குறித்துவைக்க ஏற்பாடு உண்டா? நிலைய முகாமையாளர் சொன்னார், "மொழிபெயர்ப்பாளர் இலவசமாகவே கிடைப்பார், யாரும் கேட்பதில்லை." இருக்கிறதென்றே தெரியாததை யார் கேட்பது!

கேள்வியைக் கூட்டக் குறிப்பில் எழுதவைத்தேன். யார் செய்வது, எப்போதைக்குள் என்பதையும் சேர்த்துத்தான். அது இல்லாவிட்டால் அடுத்த கூட்டத்தில் எல்லோரும் மறந்திருப்பார்கள். இப்போது பதிவுப் படிவத்தில் "எந்த மொழியில் பேச விரும்புகிறீர்கள்?" என்ற வரி இருக்கிறது, மேசையில் தமிழில் ஓர் அறிவித்தலும் நிற்கிறது.

வீட்டுக்கு வரும் பராமரிப்பாளர்கள் நேரம் தவறுவது போன்றவை இந்தக் குழுவின் கைக்கு எட்டாதவை. அவற்றை உள்ளூர் ஹெல்த்வாட்சிடம் சொன்னேன். சுகாதார, பராமரிப்புச் சேவைகள் பற்றி மக்கள் சொல்வதைக் கேட்க 2013இல் தொடங்கிய அமைப்பு அது. அதன் பரிந்துரைகளுக்குச் சேவை நடத்துபவர்கள் 20 வேலை நாட்களுக்குள் பதிலளிக்க வேண்டும். அதை மூடப்போவதாக அரசு 2025இல் அறிவித்தது. இருக்கும்வரை விடுவதாக இல்லை.

எங்கள் நிலையத்தின் தொலைபேசிப் பதிவுக் குரல் இன்னும் ஆங்கிலத்தில்தான் பேசுகிறது. குழுவின் அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் அதைச் சேர்த்திருக்கிறார்கள். மாலையில் கூட்டம் வைக்கும்படியும் கேட்டிருக்கிறேன். ஒத்துக்கொண்டால் வேலைக்குப் போகிறவர்களும் வரலாம்.