ஆறு மணி ஆட்டம்

26 டிசம்பர் 2024, வியாழன்

அக்கா மகன் ஒட்டாவாவிலிருந்து கூப்பிட்டான். படிக்கப் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. "மாமா, ஊரே ஹாக்கி ஹாக்கின்னு அலையுது, நீங்க பார்க்காம இருந்தா எப்படி?" என்றான். அவன் சொல்வது ஐஸ் ஹாக்கி. எனக்கு ஹாக்கி என்றால் கோவில்பட்டி கரிசல் மண்ணும், முழங்காலில் ஆறாத சிராய்ப்பும்தான்.

இருபது வயதுக்குட்பட்டவர்களின் உலகப் போட்டி இன்று அங்கே தொடங்குகிறது. 1977 முதல் அதிகாரபூர்வமாக நடக்கிறது. மேல்மட்டத்தில் பத்து அணிகள், ஐந்து ஐந்தாக இரண்டு பிரிவு. கனடா இதுவரை 20 தங்கம் வாங்கியிருக்கிறது. ரஷ்யாவை 2022 முதல் சேர்ப்பதில்லை. கனடா ஆடும் பெரிய அரங்கத்துக்கு டிக்கெட் விலை இவன் கைக்கு எட்டவில்லை. சுவீடன், செக் ஆடும் சின்ன அரங்கத்தில் ஒரு ஆட்டத்துக்கு எடுத்திருக்கிறானாம்.

அங்கே இரவு ஏழரை என்றால் பெங்களூரில் மறுநாள் காலை ஆறு. சரி, பால் காய்ச்சுகிற நேரம்தானே, பார்ப்போம் என்றேன்.

27 டிசம்பர், வெள்ளி

டிவி மாமனாரிடம். மெல்போர்ன் டெஸ்ட்டுக்காக ஐந்து மணிக்கே குல்லாயும் போர்வையுமாக உட்கார்ந்துவிட்டார். நான் அடுப்படியில் போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துப் பார்த்தேன். கனடா 4, பின்லாந்து 0.

முதல் பத்து நிமிடம் பக் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. ஒரு அங்குல கனத்தில் கறுப்பு ரப்பர் வில்லை. துள்ளாமல் இருக்க ஆட்டத்துக்கு முன் அதை உறைய வைத்து எடுத்து வருவார்களாம். ஏறக்குறைய நம் ஹாக்கிப் பந்தின் எடைதான். அப்புறம் நான் செய்தது இதுதான்: பக்கைத் தேடுவதை விட்டுவிட்டு கோலியை, அதாவது கோல்கீப்பரை, மட்டும் பார்த்தேன். அவன் தோள் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் பக். பள்ளி நாளில் நானும் கோலி. அந்தப் பழக்கம் போகவில்லை.

நம் கோல் பன்னிரண்டு அடி அகலம், ஏழு அடி உயரம். அவர்களுடையது ஆறுக்கு நாலு. இதில் என்ன பெரிய கஷ்டம் என்று முதலில் தோன்றியது. ஆனால் பேடு, கையுறை, ஸ்டிக் எல்லாம் போட்டு அவன் மண்டியிட்டு உட்கார்ந்தால் மிச்சம் இருப்பது நாலைந்து ஓட்டைகள். எதிரே வருகிறவனுக்கும் அந்த ஓட்டைகள் மனப்பாடம்.

28 டிசம்பர், சனி

இதை எழுத வேண்டும் என்று மத்தியானம் வரை துடித்துக்கொண்டிருந்தேன். காய்கறி வாங்க அனுப்பிவிட்டார்கள்.

லாட்வியா 3, கனடா 2. ஷூட்அவுட்டில், அதாவது ஒவ்வொருவராகத் தனியே வந்து கோலியை எதிர்த்து அடிப்பதில்.

லாட்வியாவின் மொத்த ஜனத்தொகை இருபது லட்சம்கூட இல்லை. பெங்களூரின் ஒரு மூலைக்குக் காணாது. போன வருடம் இதே போட்டியில் இதே கனடா அவர்களை 10-0 என்று அடித்துத் துவைத்தது. இன்று கனடா கோலை நோக்கி அடித்தது 57. அதில் 55-ஐ லினார்ட்ஸ் பெல்ட்பெர்க்ஸ் என்ற பையன் தடுத்துவிட்டான். கனடா 2-1 என்று முன்னால் இருந்தது. ஆட்டம் முடிய மூன்று நிமிடம்கூட இல்லாதபோது லாட்வியா சமன் செய்தது. கூடுதல் நேரத்திலும் முடிவு இல்லை. ஷூட்அவுட்டில் கனடாவின் எட்டுப் பேர் வந்தார்கள், எட்டுப் பேரும் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

ஆட்டம் தொடங்கியதும் ஒரு கோலிக்குக் கை கால் எல்லாம் யாரோ ஒருவருடையது மாதிரி இருக்கும். பத்து இருபது பந்து மேலே பட்ட பிறகுதான் உடம்பு தன் சொந்த உடம்பாகும். அதனால்தான் எதிரணி ஓயாமல் அடிக்கிற நாளில் சுமாரான கோலிகூட சாமி வந்தவன் மாதிரி ஆடிவிடுவான். சும்மா நிற்கிற கோலிதான் பாவம். நாற்பது நிமிடம் குளிரில் நின்றுவிட்டு திடீரென்று ஒரு பந்துக்குப் பதில் சொல்ல வேண்டும். இதைச் சொன்னால் வெளியே ஆடுகிறவர்களுக்குப் புரியாது.

கனடாவின் மேத்யூ ஷேஃபர், பதினேழு வயதுப் பையன், கோல் கம்பத்தில் மோதி காறை எலும்பை முறித்துக்கொண்டான். அவனுக்குப் போட்டி அவ்வளவுதான்.

"ஆச்சு! அடிச்சுட்டான்!" என்று நான் அடுப்படியில் கத்த, விக்கெட் விழுந்ததோ என்று மாமனார் ஓடி வந்தார். விஷயத்தைச் சொன்னேன். "ஐஸ்ல எதுக்குப்பா ஓடணும்" என்று திரும்பிப் போய்விட்டார். அவருக்கும் இன்று நல்ல நாள்தான், நிதிஷ் குமார் ரெட்டி சதம் அடித்துவிட்டான்.

ரூர்கேலாவில் நம் ஹாக்கி லீகும் இன்றுதான் மறுபடி உயிர்பெறுகிறது. தமிழ்நாடு அணிக்கு அயர்லாந்தின் டேவிட் ஹார்ட் கோலி. ஒரே வாரத்தில் இத்தனை கோலிகள்! இந்த மாதத் தொடக்கத்தில் மஸ்கட்டில் நம் ஜூனியர்கள் பாகிஸ்தானை 5-3 என்று ஜெயித்து ஆசியக் கோப்பை வாங்கினார்களே, அவர்களுக்குப் பயிற்சியாளர் ஸ்ரீஜேஷ். அவரும் நம் சாதிதான், கோலிச் சாதி.

30 டிசம்பர், திங்கள்

மெல்போர்னில் தோற்றோம், 184 ரன். வீட்டில் பேச்சு மூச்சு இல்லை.

1 ஜனவரி 2025, புதன்

அமெரிக்கா 4, கனடா 1. கனடா பிரிவில் மூன்றாவது. பிள்ளைகள் பெனால்டி வாங்குவதற்கென்றே வந்தது போல ஆடுகிறார்கள். ஒருவன் இரண்டு நிமிடம் வெளியே உட்கார்ந்தால் நாலு பேர் ஐந்து பேருக்கு ஈடுகொடுக்க வேண்டும். அந்தக் கணக்கு கடைசியில் கோலி தலையில்தான் விடியும்.

கேசரி நன்றாக வந்திருந்தது.

3 ஜனவரி, வெள்ளி

கனடா போச்சு. காலிறுதி, செக் 4, கனடா 3. 1-3 என்று பின்தங்கியிருந்து அடித்துப்பிடித்து 3-3 ஆக்கினார்கள். மிச்சம் 39.4 வினாடி இருக்கும்போது ஆடம் யெஹோ என்பவன் போட்டுவிட்டான். போன வருடமும் காலிறுதியில் இதே செக்கிடம்தான், 11.7 வினாடி மிச்சம் இருக்கும்போது. சொந்த ஊர், சொந்த ஜனம், பதினெட்டு பத்தொன்பது வயது.

கேமரா செக் பையன்கள் கும்பலாக விழுவதைக் காட்டியது. நான் கார்ட்டர் ஜார்ஜைத் தேடினேன். கனடாவின் கோலி. முதல் ஆட்டத்தில் பின்லாந்துக்கு ஒன்றுகூடக் கொடுக்காதவன். ஓரமாக ஒரு கணம் தெரிந்தான், அவ்வளவுதான்.

அலுவலகத்துக்கு பஸ்ஸில் போகும்போது டின் பேக்டரி நெரிசலில் அரை மணி நேரம் நின்றோம். அங்கேதான் அது ஞாபகம் வந்தது. 1996, பள்ளிகளுக்கிடையேயான மண்டல இறுதி ஆட்டம். 0-0. கடைசி நிமிடத்தில் கோலுக்கு முன்னால் இருக்கும் 'டி' அரைவட்டத்தின் விளிம்புக்குள்ளிருந்து தள்ளிவிட்ட பந்து, மெதுவாகத்தான் வந்தது. பஞ்சு பொதிந்த கேன்வாஸ் பேடு, எனக்கு முன்னால் நாலு பேர் போட்டுத் தேய்த்தது, வாரெல்லாம் லொடலொட. காலைச் சேர்த்தேன் என்றுதான் நினைத்தேன். நடுவில் போய்விட்டது. சார் திட்டவில்லை. பேடை மட்டும் நீயே பள்ளிக்குக் கொண்டுவந்து வை என்றார். பஸ் ஏறாமல் இரண்டையும் தோளில் போட்டு நடந்தே வந்தேன். அக்கா வாசலில் நின்றிருந்தாள். கேட்கவில்லை, கடலைமிட்டாயை மட்டும் கையில் வைத்தாள். அதற்குப் பிறகு நான் கோலில் நின்றதில்லை.

இதை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. சொல்வதற்கு என்ன இருக்கிறது என்றுதான் விட்டேன். இன்று இரவு மருமகனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. "அம்மா சொல்லவே இல்லையே மாமா" என்றான்.

4 ஜனவரி, சனி

நேற்று சொன்னது மனசில் ஓடிக்கொண்டே இருந்ததால் சாத்தூரில் இருக்கும் பழைய நண்பனைக் கூப்பிட்டேன், எனக்கு முன்னால் புல்பேக்காக நின்று தடுத்தவன். பத்து வருடமாகப் பேசவில்லை. நலம் விசாரித்து, பிள்ளைகள் படிப்பு, சர்க்கரை அளவு எல்லாம் முடிந்து, அந்த ஆட்டத்தை எடுத்தேன்.

"எது, அந்த ரெண்டு கோல் ஆட்டமா?" என்றான்.

ரெண்டா? எனக்கு ஒன்றுதான் தெரியும். "ஏலே, முதப் பாதியிலயே பெனால்டி கார்னர்ல ஒண்ணு வாங்கியாச்சு. உன் கால்ல போனது ரெண்டாவது. அது போகலேன்னாலும் தோத்ததுதான்" என்கிறான். நான் அடித்துச் சொன்னேன், 0-0 என்று. அவனும் விடவில்லை. மழை தூறியது என்கிறான். எனக்கு வெயில்தான் ஞாபகம். கடைசியில் "ஸ்கோர் எழுதுன நோட்டு யார்கிட்டயாவது இருக்கும், கேட்டுச் சொல்றேன்" என்று வைத்தான்.

இருபத்தெட்டு வருடமாக ஒரு கோலைச் சுமந்திருக்கிறேன். அது ஆட்டத்தை மாற்றிய கோலா, கணக்குக்கு வந்த கோலா என்றே இப்போது தெரியவில்லை.

6 ஜனவரி, திங்கள்

இன்று மாமனாரும் என்னோடு. சிட்னி டெஸ்ட் நேற்றே தோற்று முடிந்துவிட்டதால் டிவி சும்மா இருந்தது. மகள் போனை டிவியோடு இணைத்துக்கொடுத்தாள். இறுதி ஆட்டம், அமெரிக்காவும் பின்லாந்தும். விடியற்காலை இரண்டு மணிக்கு வெண்கல ஆட்டம் தொடங்கியதாம், செக்கும் சுவீடனும் ஷூட்அவுட்டில் 14 சுற்று போயிருக்கிறார்கள், செக் ஜெயித்தது. அதற்கு நான் எழவில்லை.

பின்லாந்து 3-1 என்று முன்னால் போனது. அமெரிக்கா இரண்டையும் திருப்பியது. கூடுதல் நேரத்தில் மூன்றுக்கு மூன்று பேர்தான். அவ்வளவு பெரிய ஐஸில் ஆளைத் தேடிப் பிடிக்க வேண்டும், அரை நொடி அசந்தால் ஒருவன் தனியாக வந்துவிடுவான். டெடி ஸ்டிகா அப்படித்தான் வந்தான். எதிரே பெட்டெரி ரிம்பினென் மட்டும். முடிந்தது. அமெரிக்கா தொடர்ந்து இரண்டு முறை தங்கம் வாங்குவது இதுதான் முதல் தடவை.

அப்புறம் சிறந்த கோலி என்று ரிம்பினெனுக்கே விருது கொடுத்தார்கள்.

"தோத்தவனுக்கு எதுக்குப்பா பரிசு?" என்றார் மாமனார். நான் விளக்க ஆரம்பித்தேன், 55, எட்டுப் பேர், சும்மா நிற்கிற கோலி என்று. அவர் பாதியில் செய்திச் சேனலுக்கு மாற்றிவிட்டார். பெங்களூரில் இரண்டு குழந்தைகளுக்கு ஏதோ வைரஸாம்.

சாத்தூரிலிருந்து இன்னும் பதில் இல்லை. நோட்டு யாரிடமும் கிடைக்கவில்லை போல.